கை மீளும் காலம்

தெரு முழுவதும் உறங்கிக் கிடக்கும் பாதி ராத்திரியில் எங்கள் எதிர்வீட்டு வராந்தாவில் ஒரு விளக்கு எரியும். தெற்குக் கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத்துச் சந்து ஒன்றில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த விளக்கு மூன்று வருஷ காலம் பழகிப்போயிருந்தது. அந்த வீட்டு அம்மாள், தெருவில் சிறியவர் பெரியவர் அனைவருக்கும் அவர் 'மாஷிமா'தான், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை, ஈரம் போக உதறுகிறவரைப் போல, உதறிக்கொண்டே நிற்பார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மரமரப்பு; மரமரப்புக்குள்ளே ஊசி குத்துவது போன்ற வேதனை. உதறினால் சற்றே அடங்கும். படுத்தால் மறுபடியும் கிளம்பும். சுண்டுவிரலை மட்டும் இந்த உபாதை ஏன் தொடவேயில்லை என்று அவர் அடிக்கடி ஆச்சரியப்படுவார். வியாதியின் அடையாளமே அந்த ஆச்சரியத்துக்குள் இருந்ததென்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் தொட்டியைப் போல் வளைந்து நிற்க, அத்தொட்டிக்கு மூடி போட்டாற்போல் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்கைப் பக்கத்தில் குறுக்கே ஓடுகிறது. எலும்புக்கும் பட்டைக்கும் நடுவேயுள்ள அந்தக் குறுகிய சுரங்கத்தின் வழியாக, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரே ஒரு நரம்பும் கைக்குள் பிரவேசிக்கின்றன. உள்ளே சிறிது வீக்கம் கண்டாலும் தசைநாண்கள் தாங்கிக்கொள்ளும். மிருதுவான நரம்புதான் நசுங்கும். சுண்டுவிரலுக்குச் செல்வது வேறொரு நரம்பு, அது சுரங்கத்துக்கு வெளியே போகிறது. ஆகையால் அவ்விரல் தப்பித்துக்கொள்கிறது. இதைத்தான் வைத்தியர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். மணிக்கட்டில் அந்த நரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பாஜெட் என்ற ஆங்கில வைத்தியர் 1854-இலேயே எழுதிவைத்தார். எனினும் அது சகல வைத்தியர்களும் அறிந்த நோயாக ஆனது, ஜார்ஜ் ஃபேலன் என்ற அமெரிக்கர் 1950-களில் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதிய பிறகேயாகும். தேகத்தின் உள்ளமைப்பைக் கையால் அறுத்துக் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்னும் வைத்திய சாஸ்திரத்துக்கு இந்த நகரம் புதிதல்ல. 1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், அதற்கு மறு வருஷமே, ஆசாரத்தின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பண்டித மதுசூதன் குப்தர் பிரேதத்தை அறுத்துச் சோதிக்கத் துணிந்தார்.

தமிழர்களுக்கும் கல்கத்தாவுக்கும் உறவு ஏற்பட்டதே விரல்களால்தான் என்று சொல்லலாம். கிளைவ் தெருவிலும் டல்ஹவுசி சதுக்கத்திலும் இருந்த பெரிய கம்பெனிகளுக்குச் சுருக்கெழுத்தும் டைப்பும் கற்ற நம்மவர்கள் வந்து சேர்ந்த தலைமுறை அது. ஆகையால் கை மரத்தால் 'டைப் அடித்துத்தான் வந்திருக்கும்' என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். டைப்பின் மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்தப் போதிய சான்று இல்லை. பலமாக இறுக்கிப் பிடித்து ஓயாமல் செய்யும் வேலை, அதிரும் யந்திரங்களைக் கையாளுவது, நீரிழிவு, தைராய்டு குறைவு, மூட்டு வாதம், கர்ப்ப காலம் ஆகியவையே முக்கியமான காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, இது அதிகம் வருகிறது. மாஷிமாவுக்கு நீரிழிவும் இருந்தது. முப்பது வருஷம் அம்மிக்கல்லில் கடுகு அரைத்த கையும் இருந்தது.

ஆரம்பத்தில் ராத்திரியில் மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டிப் படுப்பதும், சிலருக்கு ஸ்டீராய்டு ஊசியும் போதுமானவை. மரமரப்பு இரவும் பகலும் நிலைத்துவிட்டாலோ, கட்டைவிரலின் அடியிலுள்ள சதை வற்றத் தொடங்கிவிட்டாலோ சஸ்திர சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தகாது. மாஷிமா தள்ளிப்போட்டார். வைத்தியரிடம் பயமில்லை அவருக்கு. வளையலைக் கழற்றத்தான் மனமில்லை. வங்காளத்துச் சுமங்கலிகள் அணியும் சங்கு வளையல் நம் திருமாங்கல்யத்துக்குச் சமானம். அதைக் கையிலிருந்து இறக்குவதென்றால் நெஞ்சு நடுங்கும். ஆனால் அறுவைக்குப் பின் கை வீங்கும் என்பதால் மோதிரமும் வளையலும் அந்தக் கையில் இருக்கவே கூடாது. கடைசியில் ஒரு ஆனி மாதத்துக் காலையில், அவருடைய கணவரே சோப்பு நுரை தடவி, வலது கைச் சங்கு வளையலை விரிசல் காணாமல் மெல்ல மெல்ல உருவியெடுத்துப் பூஜையறையில் வைத்ததை நான் பார்த்தேன். அவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் செய்து நான் கண்டதில்லை.

சிகிச்சையோ மிகச் சிறிது. உள்ளங்கையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே, உள்ளங்கையின் அடியில் சிறு கீறல் போட்டு, அந்த நார்ப்பட்டையை நீளவாட்டில் அறுத்துவிடுகிறார்கள். கால் மணி அல்லது அரை மணி நேரம். அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். அறுபட்ட பட்டையின் இரு ஓரங்களும் விலகி, இடையிலே புதுத் திசு வளர்ந்து மூடும்போது சுரங்கம் அகன்றுவிடுகிறது. சிலருக்குக் காமிராக் குழாய் செலுத்தி இன்னும் சிறிய கீறலால் செய்வதுண்டு. அவர்கள் வேலைக்குத் திரும்புவது சில நாட்கள் முந்தலாமே தவிர, மாதங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டு முறைகளின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் சில தினங்களில் கையை நெஞ்சுக்கு மேலாக, படுக்கும்போது தலையணை மேலாக, உயர்த்தி வைத்திருக்கவேண்டும். தொங்கவிட்டால் ரத்தம் இறங்கி வீங்கும், வீங்கினால் வலிக்கும். அதே சமயம் விரல்களை மட்டும் முதல் நாளிலிருந்தே மணிக்கொருமுறை முழுக்க மடக்கி முழுக்க நீட்டவேண்டும். கட்டுப் போட்ட கையை ஆடாமல் அசையாமல் மடியில் வைத்துக்கொள்வதே மரியாதை என்று நினைப்பவர்கள்தான் பிறகு விரல் விறைத்து அவதிப்படுகிறார்கள். எங்கள் ஊர் மழைக்காலத்தின் புழுக்கத்தில் கட்டு வியர்வையால் நனைந்துவிடும் என்பது ஒரு தனிக் கவலை. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, கட்டு நனைந்தால் வைத்தியசாலைக்குப் போய் மாற்றிக்கொள்ளவேண்டும். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தையல் பிரிப்பார்கள். புண் நன்றாக மூடிய பிறகு தழும்பின் மேல் எண்ணெய் தடவி, தினம் சிறிது நேரம் வட்டமாக அழுத்தித் தேய்த்து வந்தால் அது இறுகாமல் மிருதுவாகும்.

முதல் வாரத்திலேயே மாஷிமா வீட்டு வராந்தா விளக்கு அணைந்துவிட்டது. ராத்திரி வேதனை நீங்குவதுதான் முதலில் கிடைக்கும் பலன்; பலருக்குச் சில தினங்களிலேயே கிடைத்துவிடுகிறது. ஏமாற்றம் உண்டாகும் இடமும் இதுவேயாகும். தூக்கம் வந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியிருக்கும்போது மூன்றாம், நான்காம் வாரத்தில் உள்ளங்கையின் அடிமேட்டில், கீறலுக்கு இருபுறத்திலும், புதிதாக ஒரு வலி தலைகாட்டும். நாற்காலியின் கையை ஊன்றி எழும்போதும், கதவுக் குமிழைத் திருகும்போதும் சுருக்கென்று குத்தும். சிகிச்சை தவறிப்போயிற்றோ என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அப்படியல்ல, இத்தனை வருஷம் வளைவை இறுக்கிப் பிடித்திருந்த பட்டை அறுபட்டபின், அதை இருபுறமும் தூண்களைப் போலத் தாங்கி நின்ற உள்ளங்கை மேடுகள் புதிய நிலைக்குப் பழகும் வலி அது. மூன்று மாதமாகலாம், சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம், தானாகவே தணியும். இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் கத்தி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது வைத்தியர்களின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொல்லாமல் விட்டதனாலேயே பயந்து, கையை உபயோகிக்காமல் முடக்கிக்கொண்டவர்கள் உண்டு.

மரமரப்பு தீர்வதற்குக் கணக்கே வேறு. வெறுமனே நசுங்கியிருந்த நரம்பு அழுத்தம் நீங்கிய சில வாரங்களில் தெளிந்துவிடும். உள்ளிழைகள் பட்டுப்போயிருந்தாலோ அவை மணிக்கட்டிலிருந்து புதிதாய் வளர்ந்து விரல் நுனி வரை வரவேண்டும். அவ்வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி சுமார் 18 சென்டிமீட்டர் தூரம். கணக்குப் பார்த்தால் ஆறு மாதத்துக்குக் குறையாது. நீரிழிவுள்ளவர்களுக்கு ஒரு வருஷமும் ஆவதுண்டு. அந்த ஆடி, ஆவணி மாதங்களில், கல்கத்தா முழுவதும் இலிஷ் மீன் மணக்கும் பருவத்தில், மருமகள் முள் நீக்கிக் கொடுக்க மாஷிமா இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். இலிஷ் மீனின் முள் மயிரிழை போன்றது; கண்ணுக்குத் தெரியாது; கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சோற்றை உருட்டும்போது ஸ்பரிசத்தால் மாத்திரமே தெரியும். நசுங்கிய நரம்பு காவல் காத்ததும் அந்த ஸ்பரிசத்தைத்தான்.

துர்கா பூஜைக்குள், அதாவது மூன்று மாதத்தில், பிடி பலம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சாதாரணமாக அத்தனை காலம் ஆகும். விஜயதசமிக்குத் தேங்காய் உருண்டை பிடித்தார். தேங்காய் துருவ மட்டும் முடியவில்லை. துருவும்போது உள்ளங்கையின் அடிமேடுதான் அழுத்தம் வாங்குகிறது. நம் வீடுகளில் முறுக்கு அச்சை அழுத்துவதற்கும், நனைந்த போர்வையைப் பிழிவதற்கும் சமமான வேலை அது. அதற்குள் வீக்கம் அடங்கியிருந்தபடியால் சங்கு வளையல் பூஜையறையிலிருந்து கைக்குத் திரும்பியது. சுமங்கலிகள் ஒருவருக்கொருவர் சிந்தூரம் பூசும் விளையாட்டில் இரு கையும் நிறைந்திருக்க அவர் நின்றதைக் கண்டு எங்களுக்குக் கண் நிறைந்தது.

உட்கார்ந்து எழுதும் உத்தியோகஸ்தர் ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குப் போகலாம். பஸ்ஸில் கூரைக் கம்பியை மட்டும் மற்றக் கையால் பிடிக்கட்டும். பளு தூக்குகிறவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும், சில வேளை அதற்கும் மேல். ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது; நோய்க் காலத்துக்கு ஊதியத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாட்கள் வரை அது தருகிறது; இவ்வுரிமையைக் கேட்டு வாங்கத் தயங்கவேண்டாம். மெட்டியாபுருஸ் சந்துகளில் துண்டுக்கூலிக்குத் துணி தைப்பவருக்கும், குமார்டுலியில் களிமண் பிசைபவருக்கும், வீடுவீடாகப் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் அவ்வசதி பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்கள் தையல் பிரித்த மறுநாளே வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்கு மனத்தை வருத்தும் விஷயம். அப்பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டார் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் ஒரு கை பிழைக்கும்.

கையைச் சுற்றிச் சிவப்பேறுதல், சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறும் வலி, விரல்கள் பளபளவென வீங்கி விறைத்தல், முன்பில்லாத புது மரமரப்பு, கட்டைவிரலைத் தூக்க முடியாமை ஆகிய இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். இவை அபூர்வம், ஆனாலும் அலட்சியத்துக்கு இடமில்லை.

மறு வருஷம் மழை தொடங்கியபோது மாஷிமா வலது கையாலேயே இலிஷ் மீன் சாப்பிட்டார். தட்டின் ஓரத்தில் முட்களை ஒவ்வொன்றாக வரிசை வைத்துக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து பார்த்து, "தெரிகிறது, முள் தெரிகிறது" என்று வங்காளியில் சொன்னார். ஆனால் கட்டைவிரல் அடிச்சதை நிறையவில்லை. சட்டைப் பொத்தானைப் போடவும், ஊசியில் நூல் கோக்கவும் அவருக்கு இன்னும் துணை வேண்டியிருக்கிறது. நெடுநாள் நசுங்கி வற்றிய சதை சிகிச்சைக்குப் பின்னும் பூரணமாகத் திரும்புவது அரிது. ஆகையால் உங்கள் வீட்டில் பாதி ராத்திரியில் எழுந்து கையை உதறுகிறவர் யாராவது இருந்தால், அவர் கேட்கும்வரை காத்திராமல், இந்த மாதத்திலேயே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாஷிமாவை நாங்கள் அழைத்துச் செல்ல மூன்று வருஷம் ஆயிற்று.