ஹோம் பகுதிக்கு எந்தக் கோப்பமைப்பு?

மாதவரத்துச் சரக்குக் கிடங்குகளை நாம் அறிவோம். எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டும் பேரேடு தொலைந்தால், மூட்டைகள் இருந்தும் இல்லாதவையே. கணிப்பொறி வட்டிலும் அப்படியொரு பேரேடு உண்டு. அதுவே கோப்பமைப்பு.

2011-இல் தொடங்கி அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. (எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ!) லினக்ஸில் நம் கோப்புகள் ‘ஹோம்’ என்னும் இடத்தில் தங்குகின்றன. அதைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்தால், இயக்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவினாலும் நம் ஆய்வேடும் படங்களும் அப்படியே இருக்கும். ஆனால் கோப்பமைப்பைப் பின்னர் மாற்ற வேண்டுமென்றால், பெரும்பாலும் அனைத்தையும் வேறிடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். ஆகவே முதலிலேயே சிந்திப்பது நலம்.

2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட் 4 பெரும்பாலோர்க்குப் போதுமானது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகே பேரேட்டில் ஏற்றுவது அதன் வழக்கம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலன்று போனதுபோல் மின்சாரம் திடீரெனப் போனாலும் பேரேடு குலையாது. ஆனால் அப்போது தட்டச்சு செய்துகொண்டிருந்த கடைசிப் பத்திக்கு அது பொறுப்பேற்காது.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று. எக்ஸ்ட் 4 வழக்கமாக வட்டில் 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்கிவிடும். 4 டெராபைட் வட்டில் அது 200 ஜிகாபைட்! வட்டு நிரம்பினாலும் இயக்குதளம் நின்றுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஹோம் பகுதிக்கு இத்தனை தேவையில்லை. ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் 1 விழுக்காடாக்கினால் 160 ஜிகாபைட் நம் கைக்கு வரும்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1993-இல் தொடங்கிய எக்ஸ்.எஃப்.எஸ். பெரிய திரைப்படக் கோப்புகளுக்கு ஏற்றது. அதன் பகுதியை எளிதில் பெரிதாக்கலாம். சுருக்கவோ வழியில்லை என்றே சொல்ல வேண்டும். இடப்பங்கீட்டில் பின்னர் மனம் மாறக்கூடியவர்க்கு இது பெருங்குறை.

பட்டர் எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், ஓசையின்றிச் சிதைந்த கோப்பையும் கண்டுபிடிக்கும். பழைய நிலையைப் படம்போல் பதிந்து வைக்கவும் வல்லது. ஆனால் சிதைந்த கோப்பைத் திருத்த நல்ல பிரதி ஒன்று வேண்டுமே! அதே வட்டில் உள்ள பதிவு, வட்டே பழுதானால் உதவாது.

எனவே 4 டெராபைட் வட்டு ஒன்றைவிட, 2 டெராபைட் வட்டுகள் இரண்டு வாங்கி, வாரந்தோறும் நகலெடுத்து, ஒன்றை அலமாரியில் பூட்டி வைப்பதையே நான் விரும்புவேன். இரண்டுக்கும் எக்ஸ்ட் 4 போதும்.