வலியைத் தாங்க வேண்டியதில்லை தோழியரே!

ஏற்காடு மலை கிராமங்களில், படுத்த படுக்கையாக இருப்போரை, வீடு தேடிச் சென்று கவனிக்கும் டாக்டர் நான். சமீபத்தில், கர்ப்பப்பை வாய் புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். இரவெல்லாம் வலியில் அலறுகிறாராம். ஆனால், எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரை, பிரிக்காமல் அப்படியே இருந்தது.

'அது போதை மருந்தாமே டாக்டரம்மா... சாகப் போறவங்களுக்கு தான் குடுப்பாங்களாமே...' என்றார், மருமகள்.

உட்கார்ந்து பேசினேன். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால், மார்பின் உயிரைப் பறிக்காது. வலிக்காக சாப்பிடுவோர் அதற்கு அடிமையாவதும் அபூர்வம். வலி வந்தபின் தேடாமல், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவோம். நாமாக அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ கூடாது.

அடுத்த வாரம் போனபோது, 'மருமவளும் இப்ப தான் ராத்திரில தூங்குறா கண்ணு...' என்றார், பாட்டி.

தமிழகத்தில், 2021ல் துவங்கிய, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோய் தணிப்பு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலியைக் குறைக்க முடியும்!

– டாக்டர் வாசகி, ஏற்காடு.