டெஸ்டர் 'பீப்' அடிச்சா போதுமா? 'கிளாரிட்டி என்ஹான்ஸ்டு' வைரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிடுச்சு. வைரத் தோடு எடுக்கக் கடைக்குப் போறீங்க. ஒரே அளவு, ஒரே நிறம், பார்க்க ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கிற ரெண்டு கல்லைக் காட்டுறாங்க. ஆனா ஒண்ணோட விலை மட்டும் ரொம்பக் குறைவு. "போலியா இருக்குமோ?" என்று கேட்டதும், கடைக்காரர் பேனா மாதிரி இருக்கும் டெஸ்டரை எடுத்துக் கல்லின் மேல் வைக்கிறார். 'பீப்' சத்தம் வருகிறது. "பார்த்தீங்களா, ஒரிஜினல் வைரம்தான்!"

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கல், குறைகளை மறைக்க 'சிகிச்சை' செய்யப்பட்ட வைரமாக இருக்க வாய்ப்பு உண்டு. இதைத்தான் நகைத்தொழிலில் 'கிளாரிட்டி என்ஹான்ஸ்டு' வைரம் என்கிறார்கள். அது என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது, வாங்கலாமா, கூடாதா? பார்க்கலாம்.

*கிளாரிட்டி என்றால் என்ன?*

வைரத்துக்குள் கரும்புள்ளி, கீறல், மேகம் போன்ற குறைகள் இயற்கையாகவே இருக்கும். இவை எவ்வளவு குறைவோ, அவ்வளவு 'கிளாரிட்டி', அதாவது தெளிவு. வைரத்தில் புள்ளி, கோடு, கறை பார்ப்பது இன்று வந்த வழக்கம் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலேயே, மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில், வைரத்தின் குற்றங்கள் பேசப்படுகின்றன.

இன்று 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 'லூப்' என்ற சிறிய லென்ஸ் வழியாகப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். குறையே இல்லாத 'எஃப்எல்' தொடங்கி ஐஎஃப், விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று இறங்கி, வெறும் கண்ணுக்கே குறை தெரியும் 'ஐ' வரை போகும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலையும் இறங்கும். கீழ்ப்படியில் இருக்கும் கல்லை மேல்படிக் கல் மாதிரி காட்டுவதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கம்.

*எப்படிச் செய்கிறார்கள்?*

முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று, லேசர் துளை. கல்லுக்குள் கரும்புள்ளி இருந்தால், மேற்பரப்பிலிருந்து அதுவரை தலைமுடியைவிட மெல்லிய துளை போடுவார்கள். அதன் வழியே அமிலத்தைச் செலுத்திக் கறுப்பை வெளுக்க வைப்பார்கள். கறுப்பு போய்விடும், துளை அப்படியே இருக்கும். இது நிரந்தரமான மாற்றம்.

இரண்டு, கீறலை நிரப்புவது. 1980களில் இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்வி யெஹுதா உருவாக்கிய முறை இது. வைரத்தின் மேற்பரப்பைத் தொடும் கீறலுக்குள், ஈயம் கலந்த கண்ணாடி போன்ற பொருளை உருக்கிச் செலுத்துவார்கள். அந்தப் பொருள் ஒளியை வளைக்கும் விதம் வைரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால், கீறல் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். விண்ட்ஷீல்டில் விழுந்த விரிசலை ரெசின் ஊற்றி மறைக்கிற மாதிரிதான்.

சில கற்களில் முதலில் துளை போட்டு, பிறகு அந்தத் துளையையே நிரப்பிவிடுவதும் உண்டு.

இதை லேப் குரோன் வைரத்தோடு குழப்பிக்க வேண்டாம். லேப் குரோன் என்பது ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரம். நாம் இங்கே பேசுவது, பூமியிலிருந்து எடுத்து, பிறகு ஒட்டுவேலை செய்யப்பட்ட வைரம்.

*இதில் என்ன பிரச்னை?*

செய்தது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு. உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால், பெரிய கல்லைக் குறைந்த பட்ஜெட்டில் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதுவும் ஒரு வழி. ஆனால் 'விஎஸ்' கல் என்று சொல்லி அந்த விலையை வாங்கிவிட்டால், நாளைக்கு மாற்றவோ விற்கவோ போகும்போது இன்னொரு கடைக்காரர் லூப்பில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து நெருப்பில் இருக்கிறது. தோட்டின் கம்பி உடைந்தால், மோதிரம் இறுக்கமானால், அம்மாவின் தோட்டை மகளுக்குப் புது டிசைனில் மாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வோம்? ஆசாரியிடம் கொடுப்போம். அவர் நெருப்பை ஊதிப் பற்றவைப்பார், பிறகு அமிலத்தில் போட்டு எடுப்பார். சாதாரண வைரம் பெரும்பாலும் இதைத் தாங்கிவிடும். கீறல் நிரப்பிய வைரம் தாங்காது. உள்ளே இருக்கும் பொருள் உருகிக் கசியலாம், மங்கலாம். நேற்றுவரை மின்னிய கல்லில் திடீரென வெள்ளைக் கீறல் தெரியும். பாவம், பழி ஆசாரி மேல் விழும். "கல்லை மாத்திட்டாரு" என்று சண்டைகூட வரும்!

*டெஸ்டர் ஏன் காட்டிக்கொடுக்காது?*

கடைகளில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர், கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே பார்க்கும். கண்ணாடியையும் 'அமெரிக்கன் டயமண்ட்' கல்லையும் அது பிரித்துவிடும். ஆனால் சிகிச்சை செய்யப்பட்ட கல்லும் வைரம்தானே! அதனால் 'பீப்' அடிக்கத்தான் செய்யும். வாயால் ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது போன்ற வீட்டு வைத்தியங்களும் இதில் உதவாது.

ஹால்மார்க்? அதுவும் உதவாது. நகையில் இருக்கும் 6 இலக்க ஹெச்யூஐடி எண் தங்கத்தின் தூய்மைக்குத்தான் சாட்சி. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

*எப்படிக் கண்டுபிடிப்பது?*

கடையில் லூப் கேளுங்கள், கொடுப்பார்கள். கல்லை மேலிருந்து மட்டும் பார்க்காமல், பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் திருப்பிப் பாருங்கள்.

1. *ஒற்றை நிற மின்னல்:* கல்லை மெதுவாகச் சாய்க்கும்போது, உள்ளே ஒரே இடத்தில் ஆரஞ்சு, ஊதா, நீலம் அல்லது பச்சை நிறம் தகடு மாதிரி பளிச்சிட்டு மறைந்தால், அங்கே கீறல் நிரப்பப்பட்டிருக்கலாம். வைரம் இயல்பாகவே வானவில் நிறம் காட்டும்தான். ஆனால் அது பட்டைகள் எல்லாவற்றிலும் சிதறி வரும். இது ஒரே இடத்தில், ஒரே நிறமாக வரும். சாய்த்தால் நிறம் மாறும்.

2. *குமிழிகள்:* நிரப்பும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளோ, பசை ஓடியது போன்ற கோடுகளோ உள்ளே தெரியலாம்.

3. *வெள்ளை நூல்:* மேற்பரப்பில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அங்கிருந்து உள்ளே நேராக இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோடு. இது லேசர் துளை. பக்கவாட்டில் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் தெரியவில்லை என்பதற்காகக் கல் சுத்தம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பழகிய கண்ணுக்கே சில கற்கள் டிமிக்கி கொடுக்கும். உறுதியாகச் சொல்ல மைக்ரோஸ்கோப்புடன் கூடிய ஆய்வகம் வேண்டும்.

*க்ளோஸ் செட்டிங் தோடு வாங்குறீங்களா?*

நம்ம ஊர் ஏழு கல் தோடு, பேசரி போன்றவற்றில் கல்லின் பின்பக்கத்தைத் தங்கத்தால் மூடிக் கட்டுவது வழக்கம். அழகுதான். ஆனால் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் பார்க்க வழியே இருக்காது. நகையில் பதித்த பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், கட்டு அனுமதிக்கும் அளவுக்குத்தான் அவர்களாலும் பார்க்க முடியும். எனவே செலவு பெரிதாக இருந்தால், கட்டுவதற்கு முன்பே உதிரிக் கற்களைப் பார்த்துவிடுவது நல்லது.

*சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?*

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிஐஏ ஆய்வகம், கீறல் நிரப்பிய வைரங்களுக்குத் தர அறிக்கையே கொடுப்பதில்லை. லேசர் துளை போட்ட கல்லுக்குக் கொடுக்கும், ஆனால் அதை அறிக்கையில் குறிப்பிட்டுவிடும். அதனால் எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், கிரேடை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'கமெண்ட்ஸ்' பகுதியைப் படியுங்கள். 'கிளாரிட்டி என்ஹான்ஸ்டு', 'ஃபிராக்சர் ஃபில்டு', 'லேசர் டிரில்டு' போன்ற வார்த்தைகள் அங்கேதான் இருக்கும்.

கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், அதுவும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டும் சரிபார்க்கலாம்.

*பில் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை*

- இந்தக் கல்லில் லேசர் துளை, கீறல் நிரப்புதல் என்று ஏதாவது செய்திருக்கிறார்களா?
- 'இயற்கை வைரம், எந்தச் சிகிச்சையும் செய்யப்படவில்லை' என்று பில்லில் எழுதித் தருவீர்களா?
- திரும்பக் கொடுத்தால் எந்த அடிப்படையில் விலை போடுவீர்கள்?

இதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். வாயால் "சுத்தமான கல்லுங்க" என்று சொல்வது எளிது, எழுதித் தருவது அவ்வளவு எளிது இல்லை. எழுதித் தரத் தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.

*ஏற்கெனவே வாங்கியாச்சு. இப்போ என்ன செய்வது?*

பதறாதீர்கள். சந்தேகம் இருந்தால் விற்ற கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தில் காட்டுங்கள். அதுவரை நெருப்பு படும் எந்த ரிப்பேருக்கும் கொடுக்க வேண்டாம். அல்ட்ராசோனிக், நீராவி முறைச் சுத்தமும் வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

சிகிச்சையை மறைத்து விற்றது உறுதியானால், பில், சான்றிதழ், ஆய்வக அறிக்கையோடு முதலில் கடையில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வாங்கும் பொருளின் தரம், தூய்மை பற்றித் தெரிந்துகொள்வது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். அதற்குப் பொதுவாக 2 ஆண்டுகள்தான் அவகாசம் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

தங்கம் வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கப் பழகிட்டோம். வைரத்துக்கும் 'பீப்' சத்தத்தோடு நிறுத்தாமல், இன்னும் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம். அதற்கான பதிலைப் பில்லில் வாங்கிக்கொள்வோம்.