பழைய கோப்பா, புதிய கோப்பா?

வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவர், அதிலே கரியால் எழுதியிருந்த பாற்கணக்கையும் சேர்த்து மறைத்துவிடுவதுண்டு. லினக்ஸ் வழங்கிகளில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் அத்தகைய இழப்பு நேரக்கூடும். எவரை உள்ளே விடுவது, எந்த வாயிலைத் திறப்பது என்பவற்றையெல்லாம் வழங்கியின் பொறுப்பாளர் தம் கையால் எழுதிவைக்கும் ஏடுகளே அமைப்புக் கோப்புகள். அவை பெரும்பாலும் 'எட்சி' என்னும் அடைவில் இருக்கும். புதிய பதிப்பும் அதே பெயரில் தன் கோப்பொன்றைக் கொண்டுவருகின்றது. எது நிற்பது, எது போவது?

1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெபியன் இயங்குதளம் இதற்கு நேர்த்தியான வழி வகுத்துள்ளது. முன்பு தான் வழங்கிய கோப்பு, இப்போது வட்டிலிருக்கும் கோப்பு, புதிதாக வந்த கோப்பு ஆகிய மூன்றையும் அதன் நிறுவற் கருவி ஒப்பிடுகின்றது. பொறுப்பாளர் கைவைக்காதிருந்தால் புதியது ஓசையின்றி அமர்ந்துகொள்ளும். அவர் மாற்றியிருந்து, வழங்குவோர் மாற்றாதிருந்தால் பழையதே நிலைக்கும். இரு சாராரும் மாற்றியிருந்தால் மட்டுமே, வேலையை நிறுத்தி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். விடை கூறாது விசையை அழுத்தினால் பழையதே தங்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்னும் வால் பெற்று அருகே கிடக்கும். ரெட்ஹாற் மரபிலுள்ள ஆர்பிஎம் கருவியோ கேட்பதேயில்லை. பொதி கட்டியவர் விதித்தபடி இரண்டிலொன்றைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிடும்.

பழையதை வைத்துக்கொள்வதே பத்திரம் என எண்ணுவோர் பலர். 2015இல் டெபியனின் எட்டாம் பதிப்பு வந்தபோது அப்பாச்சி என்னும் வலை வழங்கி 2.2இலிருந்து 2.4க்கு மாறிற்று. பழைய தலைமைக் கோப்பை வைத்துக்கொண்டவர்க்குச் சேவை எழும்பவே மறுத்தது. அக்கோப்பிலிருந்த 'லொக்ஃபைல்' என்னும் கட்டளை 2.4இல் நீக்கப்பட்டிருந்தது. புதியதை ஏற்றவர்க்கோ சேவை எழும்பிற்று, ஆயின் தளங்களைக் காணவில்லை! பெயரின் இறுதியில் 'கொன்ஃப்' என்றிருந்த தளக் கோப்புகளை மட்டுமே புதிய கோப்பு வாசித்தது. பழைய தளக் கோப்புகள் பலவற்றுக்கு அவ்விறுதி இல்லை.

ஆதலின் அக்கேள்வி எழும்போது மூன்றாவது விடையொன்று உண்டென்பதை அறிந்திருத்தல் நன்று. 'டி' என்னும் எழுத்தை அழுத்தினால் இரு கோப்புகளுக்குமுள்ள வேறுபாடு திரையிலே தோன்றும். அதைப் படித்த பின்னர் தீர்மானிக்கலாம். 'யூஎஸ்ஆர்' அடைவிலுள்ள சேவைக் கோப்புகளைத் திருத்துவோர்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. அங்கே கேள்வியே எழாது. அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் முழுவதும் அழிந்துபோகும். அத்தகைய மாற்றங்களை 'எட்சி' அடைவிலே தனிக் கோப்பாக எழுதுவதே முறை.