கையை ஆட்டினால் இறக்கை முளைக்கும்!

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலும் கீழுமாக அடித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் மெதுவாக நகர்ந்துவிடுவார். 2012-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஹாலுக்கு வந்தவர்களெல்லாம் இதைத்தான் செய்தார்கள். வெட்கமே படாமல்!

கிறிஸ் மில்க் என்ற டைரக்டர் அங்கே அமைத்த ஒளி விளையாட்டு அது. 'ட்ரெச்சரி ஆஃப் சாங்ச்சுவரி' என்று பெயர். முப்பதடி உயரத்தில் மூன்று வெள்ளைத் திரைகள். முதல் திரை முன்னால் போய் நின்றால் உங்கள் நிழல் கரைந்து பறவைகளாகப் பறந்துவிடும். இரண்டாவதில் பறவைகள் நிழலைக் கொத்திப் பிய்த்துவிடும். மூன்றாவதில் நிழலுக்கு ராட்சச இறக்கை! கையை அடித்தால் ஆசாமி ஜிவ்வென்று மேலே போய்விடுவார்.

அது நிழலே இல்லை சார். கம்ப்யூட்டர் போட்ட படம். உங்கள் கை எங்கே இருக்கிறது என்று அதற்குக் கோள் சொன்னது, கினெக்ட். எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேமுக்காக மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பர் 4-ம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட கேமரா. விலை 150 டாலர். (2017-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.)

நம்ம டி.வி. ரிமோட்டிலிருந்து வருமே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்... அதை ஆயிரக்கணக்கான புள்ளிகளாக ரூம் முழுக்கத் தெளிக்கும். நீங்கள் ஓரடி முன்னால் வந்தால் உங்கள் மேல் விழும் புள்ளிகள் இடம் மாறும். அதை வைத்தே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடும், விநாடிக்கு 30 தடவை! வெயிலில் மட்டும் பாச்சா பலிக்காது. சூரியனிடம் அதே கதிர் ஏராளமாக ஸ்டாக் இருக்கிறது.

அதுவரை இப்படித் தூரம் அளக்கும் கேமரா வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் டாலர் அழவேண்டும். எந்தக் கலைஞரால் முடியும்? கினெக்ட் மலிவுதான். ஆனால் எக்ஸ்பாக்ஸைத் தவிர வேறு யாரோடும் பேசாதே!

கினெக்ட் வந்த அன்றே நியூயார்க்கின் அடாஃப்ரூட் கம்பெனி தண்டோரா போட்டது. இதைச் சாதாரண கம்ப்யூட்டரில் ஓடவைத்து, செய்முறையை ஊருக்கே இலவசமாகக் கொடுப்பவருக்கு 1,000 டாலர் பரிசு! மைக்ரோசாஃப்ட் முறைத்தது. சட்டம், போலீஸ் என்றெல்லாம் பேசியது. அடாஃப்ரூட் அசரவில்லை. பரிசை 2,000 ஆக்கியது. அப்புறம் 3,000!

நவம்பர் 10-ல் ஐரோப்பாவுக்குச் சரக்கு வந்து இறங்கியது. ஸ்பெயினில் ஹெக்டர் மார்ட்டின் என்ற இளைஞர் அன்றைக்கே ஒன்றை வாங்கி, அன்றைக்கே காரியத்தை முடித்துவிட்டார். (ஆபீசில் புது பிரின்டரைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க எத்தனை நாள் ஆச்சு, ஞாபகமிருக்கா?) அதே மாதம் மைக்ரோசாஃப்ட் அடித்தது ஒரு பல்டி. அந்த வழியை நாங்களேதான் திறந்து வைத்திருந்தோம் என்றது!

2011 பிப்ரவரியில் இன்னொரு குட்டு உடைந்தது. அடாஃப்ரூட்டைத் தூண்டிவிட்டு, பரிசுப் பணத்தையும் கொடுத்தவர் ஜானி லீ என்பவர். கினெக்ட்டை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் கோஷ்டியிலேயே இருந்த ஆள்! இதை வெளியே சொன்னபோது மனிதர் கூகுளில் சேர்ந்திருந்தார்.