முளைகட்டிய ராகியும் பெங்களூருக் குழந்தைகளின் இணை உணவும்

ஆறாம் மாதத்தின் தேவை

பிறந்தது முதல் ஆறு மாதம் நிறைவுறும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதும், அதன்பின் தாய்ப்பாலை நிறுத்திவிடாமல் அதனோடு பிற உணவுகளையும் சேர்த்து ஊட்ட வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் நெறிகள் ஆகும். தாய்ப்பாலுக்குத் துணையாக ஊட்டப்படும் இவ்வுணவையே மருத்துவர்கள் இணை உணவு என்கின்றனர். வழக்கமான அளவில் தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், ஒரு வயதுக்குப் பின் 550 கலோரியும் இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேமிப்பாக இருந்த இரும்புச்சத்தும் ஏறக்குறைய இதே ஆறாம் மாதத்தில்தான் தீர்ந்துவருகிறது.

பெங்களூரில் இந்த ஆறாம் மாதத்துக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி, முதல் இரண்டு மகப்பேறுகளுக்குப் பணிபுரியும் பெண்கள் ஊதியத்துடன் 26 வார விடுப்புப் பெறுகின்றனர்; அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கப்படலாம். ஆகவே ஒயிட்ஃபீல்டின் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவராயினும், பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பொறியின் முன் அமர்பவராயினும், குழந்தை முதன்முதலாக உணவு உண்ணத் தொடங்கும் வாரங்களிலோ அதற்கும் முன்னரோ தாய் வேலைக்குத் திரும்ப நேர்கிறது. பகலில் ஊட்டும் பொறுப்பு பாட்டியிடமோ காப்பகப் பணியாளரிடமோ சென்றுவிடுவதால், முன்கூட்டியே செய்து வைக்கத்தக்கதும் சில நிமிடங்களில் காய்ச்சத்தக்கதுமான மாவு இந்நகரத்துக் குடும்பங்களுக்கு இன்றியமையாததாகிவிட்டது. ராகி சரி எனப்படும் முளைகட்டிய ராகி மாவுக் கஞ்சி அத்தேவைக்கு மிகவும் பொருந்துகிறது. இந்தியாவில் ராகி மிகுதியாக விளையும் மாநிலம் கர்நாடகமே. தும்கூரு, ராமநகரம், கோலார் எனப் பெங்களூரைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் அது தலைமுறைகளாகப் பயிரிடப்பட்டு வருகிறது.

முளைகட்டுவதால் நிகழ்வது என்ன

குழந்தை உணவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எத்தனை தானியங்கள் சேர்க்கப்பட்டன என்பதைச் சுற்றியே அமைகிறது. பதினைந்து, இருபது பொருள்கள் கலந்த சத்துமாவு உயர்ந்தது என்ற எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. ஆயினும் சிறு குழந்தையின் உணவில் முதலில் கவனிக்க வேண்டியது பொருள்களின் எண்ணிக்கையன்று, ஒரு கரண்டி உணவில் அடங்கும் ஆற்றலின் அளவே ஆகும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் என்ற அளவிலேயே குழந்தையின் இரைப்பை கொள்ளும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையால் ஒரு வேளையில் 200 மில்லிலிட்டரைச் சற்றே கடந்து உண்ண இயலும், அவ்வளவுதான். எனவே ஒரு கிராம் உணவில் குறைந்தது 0.8 கலோரியேனும் இருத்தல் வேண்டும் என்று ஊட்டச்சத்து அறிஞர்கள் வரையறுத்துள்ளனர்.

சாதாரண மாவைக் காய்ச்சும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கஞ்சியைக் களியாக்கிவிடுகின்றன. குழந்தையால் விழுங்க முடியாதே என்று அஞ்சி மேலும் நீர் ஊற்றப்படுகிறது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ பத்து கிராம் ராகி மாவை 200 மில்லிலிட்டர் நீரில் நீர்த்த கஞ்சியாகக் காய்ச்சினால், அக்கிண்ணம் முழுவதிலும் இருப்பது 32 கலோரி மட்டுமே. வயிறு நிறைகிறது, ஆனால் குழந்தையின் எடை ஏறுவதில்லை. இந்தக் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது.

முளைகட்டுதல் இச்சிக்கலைத் தீர்க்கிறது. நீரில் ஊறி முளைவிடும் ராகி மணி, தன்னுள் சேமித்த மாவுச்சத்தை இளஞ்செடிக்கு உணவாக்கும் பொருட்டு அமைலேஸ் என்னும் நொதியை, அதாவது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டும் புரதத்தை உருவாக்குகிறது. சிறுதானியங்களுள் ராகியில் இந்நொதி குறிப்பிடத்தக்க அளவில் தோன்றுகிறது. துண்டுபட்ட மாவுச்சத்து முன்போல் நீரை உறிஞ்சிப் பருப்பதில்லையாதலால், அதே இளக்கத்திலுள்ள கஞ்சியில் முன்னிலும் மிகுதியான மாவைச் சேர்க்க இயலுகிறது. 25 கிராம் முளைகட்டிய மாவை நீரில் காய்ச்சி ஏறத்தாழ 150 கிராம் கஞ்சியாக்கி, ஒரு தேக்கரண்டி நெய் விட்டால், அதில் 125 கலோரி அடங்கும்; மேற்சொன்ன 0.8 என்ற அளவு இதில் நிறைவேறிவிடுகிறது.

மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்களான மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய ராகியையும் பச்சைப் பயறையும் கொண்டு, சூடாக இருக்கும்போதும் கெட்டியாகாத குழந்தை உணவு ஒன்றை வகுத்து 1982இல் வெளியிட்டனர். அதே பத்தாண்டில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் மேற்கொண்ட ஆய்வுகள், கெட்டியாகக் காய்ச்சிய எந்தக் கஞ்சியிலும் முளைதானிய மாவைச் சிறிதளவு தூவிக் கலந்தால் அது சில நிமிடங்களில் இளகிவிடும் என்பதைக் காட்டின. கன்னட நாட்டுப் பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்துவந்ததன் பயனை ஆய்வுக்கூடம் அளந்து உறுதிசெய்தது என்று இதனைச் சொல்லலாம்.

செய்முறையும் அதன் காரணங்களும்

கல், மண், கருகிய மணி ஆகியவற்றை நீக்கிய ராகியைப் பலமுறை கழுவி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, தூய பருத்தித் துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் முளை வெளிப்படும். மார்கழிக் குளிரில் பெங்களூரில் இதற்குக் கூடுதல் நேரம் ஆகும். முளை மிக நீளும்வரை விடுவதும், நசநசப்பாக மாறி வாடை வீசத் தொடங்கியதைப் பயன்படுத்துவதும் தவறு. ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு உகந்தவையாக இருப்பது போலவே கிருமிக்கும் பூஞ்சைக்கும் உகந்தவை. பிறகு முளைத்த ராகியை மெல்லிய படலமாகப் பரப்பி முற்றிலும் உலர்த்தி, உள்ளங்கையால் தேய்த்து வேர்களை உதிர்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். மணம் வரவேண்டும் என்பதற்காகச் சிவக்க வறுத்தால் நொதி அழிந்துவிடுகிறது. மாவு மில்லில் கொடுத்து அரைப்போர், அதற்கு முன் அப்பொறியில் மிளகாயோ மல்லியோ அரைக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுதல் நல்லது.

அரைத்த மாவை மெல்லிய துணியில் சலித்து எடுக்கும் வழக்கமும், ஊறிய ராகியை அரைத்துப் பிழிந்து பாலெடுக்கும் வழக்கமும் குழந்தைக்குச் செரிமானம் எளிதாகும் என்ற நோக்கில் ஏற்பட்டவை. ராகியின் சுண்ணாம்புச்சத்தில் கணிசமான பகுதி அதன் மேல்தோலில் இருப்பதால், சக்கையோடு அதுவும் ஓரளவு வெளியேறிவிடுகிறது. தொடக்க வாரங்களில் சலித்த மாவையும், குழந்தை பழகிய பின் சலிக்காத மாவையும் கொடுப்பதே இதில் நடுவழியாகும்.

காய்ச்சும்போது மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மெதுவான தீயில் கிளறிக்கொண்டே சூடேற்ற வேண்டும். 60 முதல் 70 பாகை வெப்பத்தைக் கஞ்சி நிதானமாகக் கடக்கும்போதுதான் நொதி முழுமையாகச் செயற்படும். அதன்பின் சில நிமிடங்கள் நன்கு கொதிக்க விடுவது கிருமிகளை அழிப்பதற்குக் கட்டாயமாகும்.

ராகி மட்டும் போதாது

நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. வேறெந்தத் தானியமும் இதனை நெருங்குவதில்லை. இப்பெருமையினாலேயே ராகி ஒன்றைக் கொடுத்தால் எல்லாம் நிறைவேறிவிடும் என்ற நம்பிக்கை வேரூன்றியுள்ளது. அது சரியன்று. ராகியிலுள்ள பைட்டேட் என்னும் சேர்மமும் மேல்தோலின் துவர்ப்புப் பொருள்களும் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அதனைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. முளைகட்டுதல் இத்தடையைக் குறைக்கிறதேயன்றி முற்றிலும் அகற்றுவதில்லை. பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்து ஆய்வாளர்கள் இரண்டு வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளிடம் புரதச் செரிமானத்தை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழி முட்டையின் புரதம் மிக நன்றாகவும், அரிசியின் புரதம் அதற்கடுத்த நிலையிலும், ராகி, பச்சைப் பயறு ஆகியவற்றின் புரதம் அதனினும் குறைவாகவும் செரிப்பது தெரியவந்தது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11 விழுக்காட்டினரே. இவ்வெண்களை அறிந்த பின்னும் முட்டையை ஒரு வயதுவரை தள்ளிப்போடும் வழக்கம் தொடர்வது வருத்தத்துக்குரியது. நன்கு வெந்த முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் ஆறாம் மாதத்திற்குப் பின் சிறிது சிறிதாகப் பழக்கலாம். புலால் உண்ணும் குடும்பங்களில் குழைய வேகவைத்து மசித்த கோழி ஈரலும் மீனும் இரும்புக்கும் புரதத்துக்கும் மிக உகந்தவை. மரக்கறி உண்போர் பருப்பு சாதம், பயறு, கீரை மசியல், தயிர் ஆகியவற்றை நாள்தோறும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அவற்றோடு கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு போன்ற பழங்களின் மசியலையும் சேர்த்தால், பழங்களிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். அரசுத் திட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை அளிக்கப்படும் இரும்புச் சத்து டானிக்கை, கறை படியும் என்றோ வயிறு கட்டும் என்றோ அஞ்சி ஒதுக்கிவிடக் கூடாது.

காய்களைத் தேர்வதிலும் ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து அடங்கும் என்ற அளவுகோலே பொருந்தும். பெங்களூர் கத்தரிக்காய் என்று தமிழர் அழைக்கும் சௌசௌ மிருதுவாக வேகும், ஆயினும் அதில் பெரும்பகுதி நீரே. ஹாப்காம்ஸ் காய்கறிக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பரங்கி, கேரட், சர்க்கரைவள்ளி ஆகியவை கண்ணுக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ சத்தின் மூலப்பொருளை மிகுதியாகக் கொண்டவை. புதிய உணவு ஒவ்வொன்றையும் தனித்தனியே தொடங்கி இரண்டு மூன்று நாள் கவனித்தால், ஒவ்வாமை ஏற்படும்போது அதற்குக் காரணமான பொருளை அறிய முடியும். பல பொருள் கலந்த சத்துமாவை முதல் உணவாகக் கொடுப்போர் இவ்வாய்ப்பை இழந்துவிடுகின்றனர். சத்துமாவில் சேரும் நிலக்கடலையும் முந்திரியும் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கவும் காறலெடுக்கவும் கூடியவை என்பதால், அவற்றைத் தனியாகப் பொடித்து அவ்வப்போது சேர்ப்பதே பாதுகாப்பானது.

தண்ணீர்

பெங்களூரில் குழந்தை உணவுக்கான நீர் எங்கிருந்து வருகிறது என்பது தனியே சிந்திக்கத்தக்க பொருள். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பின்னும், புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் லாரி நீரையும் நம்பியுள்ளன. கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி, நிலத்தடி நீரில் கலந்துள்ள நைட்ரேட்டையோ புளோரைடையோ நீக்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையுமளவு அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியை ஏந்தும் திறனைக் குறைக்கக்கூடியது. ஆகவே கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடியிருப்பினர் அதனைச் சோதித்தறிந்து, தேவையாயின் சவ்வூடு வடிகட்டிய நீரைக் காய்ச்சிப் பயன்படுத்துதல் வேண்டும். செய்த கஞ்சியை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதும், குழந்தை உண்டு மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பதும் வயிற்றுப்போக்குக்கு வழிவகுக்கும்.

இனிப்பும் உப்பும் தேனும்

2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்னும் சுவிட்சர்லாந்து அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்கப்படும் செரலாக் குழந்தை உணவு வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டிலேயே சர்க்கரை சேர்க்காத வகைகளைச் செரலாக்கின் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. ஆனால் வீட்டுக் கிண்ணத்தில் வெல்லமோ கருப்பட்டியோ கற்கண்டோ கரைக்கப்பட்டால், குழந்தையின் நாவுக்கும் முளைக்கும் பற்களுக்கும் அதனால் வரும் கேடு ஒன்றேதான். இரண்டு வயது வரை இனிப்பு சேர்க்காமலும், முதல் ஆண்டில் உப்பு சேர்க்காமலும் இருப்பது சிறந்தது. மசித்த வாழைப்பழம் கஞ்சிக்கு வேண்டிய இனிமையைத் தரும். பொட்டுலிசம் என்னும் அரிய, ஆனால் உயிருக்கு ஆபத்தான வாத நோயை விளைவிக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வயது நிறையும் முன் நாவில் தடவும் அளவுக்கும் தேன் கொடுக்கலாகாது.

உணவு போதுமா என்பதற்குக் குழந்தையின் எடையே சான்று. கர்நாடகத்தில் தாயி கார்டு எனப்படும் தாய் சேய் அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் மாதந்தோறும் எடையைக் குறித்துவர வேண்டும். கோடு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாது நின்றாலோ, குழந்தை சோர்ந்து வெளிறிக் காணப்பட்டாலோ, மாவை மாற்றிப் பார்ப்பதில் நாளைக் கழிக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.