கழிமுகத்தைக் காணோம்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு அரசாங்கத்திடம் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று, 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையின்படி தயாராகி, 1996-ல் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்றது. கொசஸ்தலை ஆறும் அது கடலில் சேருமிடத்துச் சதுப்பும் அதில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் இருந்தன. இன்னொன்று, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் கையில் வைத்து வேலை பார்த்தது. அதில் கழிமுகமே இல்லை. சுமார் 6,500 ஏக்கர் நீரும் சேறும் தாளில் இருந்து மறைந்துவிட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஆவணங்கள் வழியாக 2017-ல் இது வெளியே தெரிந்தது. அதற்குள் துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்குமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் தூர்க்கப்பட்டுவிட்டது என்று மீனவர்களும் சூழல் அமைப்பினரும் கணக்குக் காட்டினார்கள். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் விடிகாலையில் படகு எடுத்தவர்கள், அரசாங்கத் தாளில் இல்லாத தண்ணீரில்தான் வலை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏரி, குளம், ஆக்கிரமிப்பு என்று நம் ஊரில் பேச்சு எழுந்தால், ‘கண்ணும் கண்ணும்’ (2008) படத்தில் வடிவேலு கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுக்கும் காட்சியை யாராவது நினைவூட்டாமல் இருப்பதில்லை. அந்தக் கதையில் வெட்டாத கிணறு தாளில் இருந்தது. எண்ணூரில் ஓடிக்கொண்டிருக்கும் ஆறு தாளில் இல்லை. முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் ஆறே போகும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட ‘1984’ நாவலை இந்த இடத்தில்தான் எடுத்துவைத்துப் பேச வேண்டும். அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் ஒரு அரசாங்க ஊழியன். பழைய பத்திரிகைகளைத் திருத்துவதுதான் அவன் வேலை. ஆட்சி இன்று சொல்வதற்கு ஒத்துவராத நேற்றைய செய்தியை மாற்றி எழுதுவான். பழைய பிரதி சுவரில் உள்ள ஓட்டை வழியாக உலைக்குப் போய்விடும். கூச்சல் கிடையாது, ரத்தம் கிடையாது. மேசையும் பேனாவும் கோப்பும்தான். அந்த நாவலில் எனக்கு மிகவும் பயம் தருவது சித்திரவதைக் கூடமல்ல, இந்த மேசைதான். ஆனால் எண்ணூரைச் சுற்றியுள்ள வடசென்னை, மீஞ்சூர், பழவேற்காடு விவகாரங்களில் எந்தக் கட்சி மேடையிலும் அந்த நாவலின் பெயரை நான் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறேன்: வரி உயர்வுக்கு, முகக்கவசத்துக்கு, ஒரு படத்துக்குத் தணிக்கை கத்தரி போட்டதற்கு, சமூக ஊடகத்தில் ஒருவரின் கணக்கை முடக்கியதற்கு.

இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல்கள் இன்று எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான வசைச்சொல்லாகிவிட்டன. உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த 2022 மே மாதத்தில், ரஷ்ய வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் மரியா ஸகரோவா, ‘1984’ மேற்கத்திய தாராளவாதத்தைப் பற்றிய நாவல் என்றார். அதே மாதம் பக்கத்து நாடான பெலாரஸில் அந்த நூலின் விற்பனைக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றபோது அவருடைய எதிர்ப்பாளர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 2021 ஜனவரியில் அவருடைய ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது ஆதரவாளர்கள் அதே நாவலின் பெயரைச் சொல்லிக் கொதித்தார்கள். எவர் வேண்டுமானாலும் எவரைப் பார்த்தும் வீசலாம் என்று ஆகிவிட்டால், எறிந்த கல் யார்மீதும் படுவதில்லை.

இந்த இழுபறி ஆர்வெல் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே, இது சோஷலிசத்தையோ பிரிட்டனின் தொழிற்கட்சியையோ தாக்குவதற்காக எழுதியதல்ல என்று அவர் விளக்கம் தர வேண்டியிருந்தது. அவர் இறந்தபின் அவருடைய இன்னொரு நாவலான ‘விலங்குப் பண்ணை’யை அமெரிக்க உளவுத் துறையான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்து அனிமேஷன் படமாக்கியது. 1954-ல் வெளியான அந்தப் படத்தில் முடிவையே மாற்றினார்கள். எழுத்தாளர் க.நா.சு. இந்த இரண்டு நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். வாசகர்கள் படித்தார்கள்தான். ஆனாலும் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குள் எல்லோரையும் கண்காணிக்கும் ஆர்வெலின் ‘பெரியண்ணன்’ நுழைந்தது 2017-ல், ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியாகத்தான். கண்காணிக்கப்படுகிறவனின் நடுக்கத்தைச் சொன்ன கதையில் இருந்து பெயரை மட்டும் எடுத்து, கண்காணிப்பதையே இரவு நேரப் பொழுதுபோக்காக்கிவிட்டார்கள். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

நீதிமன்றத்திலும் இதே கதைதான். பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, ஆர்வெலின் ஒரு வரியோடு தொடங்கியது. மறுநாள் பத்திரிகைகளில் அந்த வரி பெரிதாக இடம்பிடித்தது. உத்தரவின் உண்மையான வேலை வேறு. ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு குழு அமைந்தது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது இது: ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளில் 5-ல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒன்றிய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை. அறிக்கை மூடிய உறையில் கிடந்தது. மேற்கோள் ஊர் சுற்றியது. உறையைத் திறக்கச் சொல்லித் தெருவில் இறங்கியவர்கள் சொற்பம்.

இந்த நாவல்கள் வசையாகப் பயன்படுவது ஒரு தீங்கு. கற்பனையான பயம் கொள்கையாக மாறுவது அதைவிடப் பெரிய தீங்கு. 1968-ல் அமெரிக்கப் பேராசிரியர் பால் எர்லிக், மக்கள்தொகை வெடித்து 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று ஒரு நூல் எழுதினார். டெல்லியின் நெரிசலான தெரு ஒன்றில் காரில் போனபோது கண்ட காட்சியோடு அந்த நூல் தொடங்குகிறது. அவர் சொன்ன பஞ்சம் வரவில்லை. ஆனால் உலகெங்கும் பரவியிருந்த அந்தப் பயம், நெருக்கடி நிலையின்போது நம் அதிகாரிகளுக்கு நியாயம் கற்பித்தது. 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது.

அதே 1968-ல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரைக்கும் பழவேற்காட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் மொட்டையாகும் என்பது அவர் கதை. அவர் எந்த ஊருக்கும் போய்ப் பார்த்து எழுதியதல்ல, யோசித்துப் பார்த்த ஒரு காட்சி. ஆனாலும் பொதுச்சொத்தை அரசோ தனியாரோ கையில் எடுத்தால்தான் பிழைக்கும் என்பதற்கு அரை நூற்றாண்டாக அதைத்தான் காட்டுகிறார்கள்.

பழவேற்காடு ஏரியில் அந்தக் கதை பொய்யாகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் ‘பாடு’ முறையில் ஏரியைப் பங்கிட்டு வருகிறார்கள். இறாலுக்குச் சுத்துவலை கட்டும் நல்ல இடங்கள் ஏரியில் எண்ணி வைத்தாற்போல்தான் உண்டு. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்பது முறைவைத்து நகரும். இன்று வளமான பாட்டில் வலை கட்டிய குழு நாளை அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். அரசாங்கம் எழுதித் தராத சட்டம் இது. அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் இதுபோன்ற ஏற்பாடுகளை உலகின் பல மூலைகளில் ஆராய்ந்து, ஹார்டினின் காட்சி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று காட்டினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. அதில் உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட சாதியின் ஆண்கள். கழுத்தளவு சேற்றுநீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் முறை கிடையாது. பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களோடு சண்டைகள் நடந்திருக்கின்றன. குறையுள்ள, மனிதர்கள் பேசித் தீர்த்து நடத்துகிற ஏற்பாடு அது. எல்லோரும் பேராசைக்காரர்கள் என்ற கதைக்குள்ளும் அடங்காது, எல்லோரும் இயற்கையின் பிள்ளைகள் என்ற கதைக்குள்ளும் அடங்காது.

மீஞ்சூருக்கு வருவோம். சென்னையின் தாகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூரைச் சுற்றிய கிணற்று வயல்களில் இருந்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். 1969-லேயே கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது பதிவாகிவிட்டது. பிறகு அது மைல் கணக்கில் உள்ளே வந்தது. நெல் விளைந்த மண்ணுக்கு அடியில் உப்பு. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், அதுவும் சென்னைக்கு. ஒரு நகரம் ஒரு ஊரின் நல்ல தண்ணீரை உறிஞ்சி உப்பாக்கிவிட்டு, அதே ஊரின் கடலோரத்தில் உப்பை நீக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்ட இந்த நாற்பதாண்டுக் கதையை எந்த நாவலாசிரியரும் எழுதவில்லை. எழுதியிருந்தால், மிகை என்று விமர்சகர்கள் தள்ளியிருப்பார்கள்.

இப்போது அதே கரையில் அடுத்த கதை. எல் அண்டு டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரில் உள்ளதை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்குவது. ஆண்டுக்கு 2.5 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவான சரக்குத் திறன் 32 கோடி டன்னாகும் என்கிறது திட்டம். 2021 ஜனவரியில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் விரிவாக்கத்தை எதிர்ப்பதாகத் தி.மு.க. வாக்குறுதி தந்தது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்த கூட்டமும் நடக்கவில்லை.

இந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சில், சென்னையே மூழ்கும், பழவேற்காடு ஏரி கடலாகும் என்ற படங்கள் முன்னே வந்து நிற்கின்றன. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. திட்டத்தை எதிர்க்கும் பக்கம்தான் நானும். ஆனால் பேரழிவுப் படம் அதிகாரிக்கு ஒரு வசதி செய்துகொடுக்கிறது. ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று ஒரே சொல்லில் கோப்பை மூடிவிடலாம். கண்ணெதிரே இருக்கும் சான்றை அப்படி மூட முடியாது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகம் இதை ஒன்றரை நூற்றாண்டாக நிரூபித்துக்கொண்டிருக்கிறது. மெரினா அகன்றது அதனால்தான். ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்து, கருங்கல் கொட்டிக்கொண்டே இருப்பதும் அதனால்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காலி, அதன்பின் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல்திட்டு. அங்கே குப்பங்கள் இருக்கின்றன. மெரினாவில் காற்று வாங்கும் ஒவ்வொருவரும் அந்தத் திட்டுக்கு என்ன நேரலாம் என்பதன் மறுபாதியின் மேல் நிற்கிறார்கள். இதைச் சொல்ல நாவலும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம்.

ஆர்வெல் இங்கே தேவைப்படுவது கோப்பைப் படிக்கும்போது. பெரும் திட்டங்களின் சூழல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் வருகிறது. ஊர்மக்கள் கைக்குத் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே. 2020-ல் சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளையே மாற்ற வந்த வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியானது. எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் மாதத்தில் உத்தரவிட வேண்டியிருந்தது. புரியாத தாளுக்குச் சம்மதம் வாங்குவதும், இருக்கிற ஆற்றைத் தாளில் இருந்து நீக்குவதும் ஒரே மேசையில் நடக்கிற வேலைகள்.

2011-ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கையே, மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. 2023-ல் தமிழகக் கடலோரத்துக்கான புதிய வரைவு வரைபடங்களுக்குக் கருத்துக் கேட்டபோது மீனவர்கள் எழுப்பிய ஆட்சேபம், அந்த இடங்கள் விடுபட்டிருக்கின்றன என்பதுதான். படகு ஏற்றும் கரை, வலை காயும் மணல், கருவாடு போடும் மேடை ஒவ்வொன்றும் கோடாக, எண்ணாக ஏற வேண்டும். பாடுகளும், இருளர் பெண்கள் இறால் தடவும் சேறும் அவற்றோடு சேர வேண்டும். காட்டுப்பள்ளிக்கு அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், மேடையில் முதலில் விரிக்க வேண்டியது 1996-ன் அந்தத் தாள். அதற்குப் பக்கத்தில் இன்றைய தாள். இரண்டுக்கும் நடுவே எது போனது, எந்தத் தேதியில் போனது, கையெழுத்து யாருடையது என்று தமிழில் கேட்க வேண்டும். பதில் கூட்டக் குறிப்பில் ஏறும்வரை கூட்டத்தை முடிக்க விடக் கூடாது.